அரசமைப்பைக் கூடி வாசிப்பது எப்படி: முகப்புரையில் தொடங்கி நாளிதழ் வரை, ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு இந்திய அரசமைப்பை வாசிப்பது பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஆனால் தவறான பக்கத்தில் தொடங்கினால் மூன்றாவது வாரம் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். என் முதல் குழுவில் அதுதான் நடந்தது. உறுப்பு 1-இல் தொடங்கி வரிசையாகப் போனோம் (அரசமைப்பில் எண்ணிட்ட ஒவ்வொரு விதியும் ஓர் உறுப்பு). 5 முதல் 11 வரை குடியுரிமை. பாகிஸ்தானிலிருந்து 1948 ஜூலை 19-க்கு முன்னால் வந்தவருக்கு ஒரு விதி, பின்னால் வந்தவருக்கு வேறொரு விதி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் விடாமல் குறிப்பெடுத்தார். மற்றவர்கள் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கைக்கு வந்த முறை இது. மொத்தம் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முடிவில் ஒருவர் நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து, "இதில் முகப்புரையின் இந்தச் சொல் இருக்கிறது, அது இந்த உறுப்பில் விதியாக ஆகியிருக்கிறது, பொறுப்பு இவர்களுடையது" என்று தானே சொல்ல வேண்டும். அதுதான் இலக்கு. முகப்புரையை மனப்பாடமாக ஒப்பிப்பது இலக்கு அல்ல.

1. கூடுவதற்கு முன் தயாராக வேண்டியவை

முதலில் நூல். தமிழ்ப் பதிப்பு ஆளுக்கு ஒன்று இல்லாவிட்டாலும் இருவருக்கு ஒன்றாவது வேண்டும். ஆங்கில மூலம் குழுவுக்கு ஒரு படி போதும். மத்திய சட்ட அமைச்சகத்தின் தளத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கில மூலம் எதற்கு என்றால், தமிழில் ஒரே சொல்லை ஒவ்வொரு பதிப்பும் ஒவ்வொரு விதமாகப் பெயர்த்திருக்கும். இரண்டு பதிப்புகள் முரண்பட்டால் மூலத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

நூல் எவ்வளவு பழையது என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. உறுப்பு 15-ஐத் திறந்து பாருங்கள். ஆறாவது உட்பிரிவு இருந்தால் அது 2019-இன் 103-ஆவது திருத்தத்துக்குப் பிந்திய பதிப்பு. 330 அ என்ற உறுப்பும் இருந்தால் 2023-இன் 106-ஆவது திருத்தத்தையும் உள்ளடக்கியது. சொத்துரிமை இன்னும் உறுப்பு 31-இல் அடிப்படை உரிமையாக அச்சாகியிருந்தால், அந்த நூலைப் பத்திரமாக அலமாரியில் வையுங்கள், வாசிக்க எடுக்காதீர்கள். அந்த உரிமை 1978-இன் 44-ஆவது திருத்தத்தில் அங்கிருந்து நீக்கப்பட்டு, 300 அ உறுப்பில் வெறும் சட்ட உரிமையாக வைக்கப்பட்டது.

ஆட்கள் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் நான்கு பேர் பேசுவார்கள், மீதிப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வழக்கறிஞர் வேண்டாமா என்று கேட்பார்கள். ஐந்தாவது அமர்வுக்கு அழையுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். முதல் நாளே வந்து உட்கார்ந்தால் எந்தக் கேள்விக்கும் எல்லோருடைய முகமும் அவர் பக்கம் திரும்பிவிடும். பிறகு யாரும் நூலைத் திறக்க மாட்டார்கள். அவர் மேல் தப்பில்லை, வரிசைதான் தப்பு.

2. எண் குழப்பத்தை முதல் கால் மணி நேரத்திலேயே தீர்த்துவிடுங்கள்

ஒரு தாளில் நான்கு எண்களை எழுதுங்கள்: 144, 420, 356, 21. இவற்றில் எவை அரசமைப்பில் உள்ளவை என்று கேளுங்கள்.

பெரும்பாலானவர்கள் 144 என்பார்கள். "நூற்று நாற்பத்து நாலு போட்டிருக்கிறார்கள்" என்று நாம் சொல்லிப் பழகிய தடை உத்தரவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 163-ஆவது பிரிவு. அரசமைப்பிலும் 144 உண்டு, ஆனால் அது சொல்வது வேறு: எல்லா அதிகாரிகளும் உச்ச நீதிமன்றத்துக்குத் துணையாக நடக்க வேண்டும் என்பது. 420 அரசமைப்பில் இல்லவே இல்லை. உறுப்புகளின் எண்வரிசை இன்றும் 395-இல்தான் முடிகிறது. 21 அ, 51 அ என்று இடையில் செருகியே வளர்ந்திருக்கிறது. 356 குடியரசுத் தலைவர் ஆட்சி, 21 உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான பாதுகாப்பு. இவை இரண்டும் அரசமைப்பில் இருப்பவை.

இந்த விளையாட்டு எதற்கு? சட்டம் என்றாலே தண்டனை என்ற எண்ணத்தோடுதான் பலர் வருகிறார்கள். தண்டனைச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. அரசமைப்போ முதலில் அரசைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதியாமல் முகப்புரைக்குப் போனால் அதையும் "நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை" என்றே படிப்பார்கள்.

பெயரையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். அரசமைப்பில் இருப்பதை "உறுப்பு" என்றும், மற்றச் சட்டங்களில் இருப்பதைப் "பிரிவு" என்றும் சொல்லுவோம். பாடநூல்களும் செய்தித்தாள்களும் இரண்டையும் பிரிவு என்றே எழுதுகின்றன. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

3. முகப்புரையை ஒரே வாக்கியமாகப் படியுங்கள்

முகப்புரை முழுவதும் ஒரே வாக்கியம். நீளமானது என்பதால் நாம் அதைப் பட்டியலாகப் பார்த்துவிடுகிறோம். பட்டியலாகப் பார்த்தால் யார், யாருக்கு, என்ன செய்கிறார்கள் என்பது மறைந்துபோகும்.

எனவே முதலில் எழுவாயையும் பயனிலையையும் மட்டும் தேடச் சொல்லுங்கள். பள்ளியில் இலக்கணம் படித்த நினைவு எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கும். எழுவாய் "இந்திய மக்களாகிய நாம்". பயனிலை கடைசியில்: ஏற்கிறோம், இயற்றுகிறோம், நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம். தருபவரும் பெறுபவரும் ஒருவரே. மன்னரோ நாடாளுமன்றமோ தரவில்லை.

கடவுளும் தரவில்லை. இதைச் சொன்னால் அறையில் சிறு சலசலப்பு எழும். நடந்ததைச் சொல்லிவிடுங்கள்: 1949 அக்டோபர் 17 அன்று, அரசமைப்பை எழுதிய அரசமைப்பு நிர்ணய சபையில் அதன் உறுப்பினர் எச்.வி.காமத், "கடவுளின் பெயரால்" என்று முகப்புரையைத் தொடங்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பில் 41 பேர் ஆதரித்தார்கள், 68 பேர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களில் நல்ல பக்தர்களும் இருந்தார்கள். நம்பிக்கை தனி மனிதரின் விருப்பம், அதை எல்லோர் பெயராலும் எழுதக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

எழுவாயும் பயனிலையும் கிடைத்த பிறகு நடுவில் இருப்பதை இரண்டாகப் பிரியுங்கள். நாடு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதற்கு ஐந்து அடைகள்: இறையாண்மை, சமதர்மம், மதச்சார்பின்மை, மக்களாட்சி, குடியரசு. குடிமக்களுக்கு எவற்றை உறுதிசெய்ய வேண்டும் என்பதற்கு நான்கு சொற்கள்: நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். கடைசியில் ஒரு தேதி, 1949 நவம்பர் 26. அது ஏற்ற நாள். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. இந்த இரண்டு தேதிகளையும் குழப்பாமல் இருந்தால் போதும், மற்ற வரலாற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு சண்டை வரும். "சமதர்மம், மதச்சார்பின்மை இரண்டும் பின்னால் நுழைத்தவைதானே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மூடி மறைக்காதீர்கள். ஆமாம், 1976-இன் 42-ஆவது திருத்தத்தில் சேர்ந்தவை. "ஒருமைப்பாடு" என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் வந்தது, அதைப் பற்றி மட்டும் ஏனோ யாரும் சண்டை போடுவதில்லை. முதல் இரண்டு சொற்களை நீக்கக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடி செய்தது. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று 1994-இலேயே எஸ்.ஆர்.பொம்மை என்பவரின் வழக்கில் அந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பிறகு உறுப்பு 25-ஐத் திறக்கச் சொல்லுங்கள். மனச்சான்றுச் சுதந்திரமும் விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமையும் அங்கே 1950 முதல் இருக்கின்றன. சொல் பின்னால் வந்தது, விதி முன்னாலேயே இருந்தது. ஒரு மாலை முழுவதும் இந்த விவாதத்தில் கரைந்துபோன குழுவை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர்களில் பாதிப் பேர் வரவில்லை.

4. சொற்களின் மேல் ஒட்டியிருக்கும் பழைய பொருளை உரித்தெடுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும். இரண்டாவது அமர்வை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள். காரணம், முகப்புரையின் சொற்கள் எல்லாம் நமக்குத் தெரிந்த சொற்கள். தெரிந்தவை என்பதாலேயே அவற்றின் பொருளை யாரும் பார்ப்பதில்லை.

முறை இதுதான். ஒவ்வொரு சொல்லையும் சொல்லி, கேட்டதும் மனத்தில் வரும் முதல் காட்சியை எழுதச் சொல்லுங்கள். பிறகு நூலில் அந்தச் சொல்லோடு வரும் அடைமொழிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் அன்றைய பாடம்.

அச்சிட்ட வரிசையில் போகாதீர்கள். சமத்துவத்தில் தொடங்குங்கள், அது எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்தது. காட்சியாக எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிசை, ஒரே சீருடை. நூலில் இருப்பதோ "தகுநிலையிலும் வாய்ப்பிலும் சமத்துவம்". எல்லோரும் ஒரே மாதிரி இருப்பது அல்ல, ஒருவரின் நிலை இன்னொருவரின் நிலைக்குத் தாழாமல் இருப்பது. வாய்ப்பு என்ற சொல்லை விட்டுவிட்டுச் சமத்துவத்தைப் பேசுகிறவர்கள் ஆறாவது படியில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள்.

அடுத்தது சுதந்திரம். காட்சி: ஆகஸ்ட் 15, கொடி, மிட்டாய். நாடு அடைந்த விடுதலையும் தனி மனிதர் பெறும் சுதந்திரமும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. முகப்புரை பேசுவது இரண்டாவதைப் பற்றி: எண்ணம், அதன் வெளிப்பாடு, கோட்பாடு, நம்பிக்கை, வழிபாடு. ஐந்தும் தனி மனிதருக்கு உரியவை. சில மொழிபெயர்ப்புகள் இதனாலேயே "தன்னுரிமை" என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் குழுவில் யாருக்கும் வாயில் வருவதில்லை. சுதந்திரம் என்றே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

நீதி என்றதும் நீதிமன்றம், கறுப்பு அங்கி, வாய்தா. நூலில் சமூகம், பொருளாதாரம், அரசியல் என்ற மூன்று துறைகளிலும் நீதி. இவற்றில் முதல் இரண்டுக்கும் நீதிமன்றத்தைவிட நிலம், கூலி, கல்வி, வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றோடுதான் உறவு அதிகம்.

குடியரசு என்றால் அணிவகுப்பு. பொருள் எளிது: நாட்டின் தலைமை பரம்பரையாக வராது. இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சகோதரத்துவத்தைக் கடைசியாக எடுங்கள். மற்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் இதன் தேவை புரியும். ஒரு குழுவில் ஒரு பெண்மணி, "சகோதரர்கள் மட்டும்தானா? நாங்கள் எங்கே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. உடன்பிறப்புணர்வு என்று நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

அரசமைப்பின் இலக்குகளை முன்வைத்து நிர்ணய சபை 1947 ஜனவரி 22 அன்று ஏற்ற குறிக்கோள் தீர்மானத்தில் இந்தச் சொல் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் முகப்புரையில் சேர்த்தது. இது எதற்கு என்பதும் நூலிலேயே இருக்கிறது: தனி மனிதரின் கண்ணியத்தையும் நாட்டின் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் உறுதிசெய்ய. வரிசையைக் கவனியுங்கள். கண்ணியம் முதலில், ஒற்றுமை அதற்கு அடுத்து. மேடையில் கேட்டு கேட்டு நாம் அதைத் தலைகீழாகவே நினைவில் வைத்திருக்கிறோம். கண்ணியத்தைக் கெடுத்துக்கொண்டு ஒற்றுமையைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அந்தப் பேச்சு தானாக அரை மணி நேரம் ஓடும்.

5. ஒவ்வொரு சொல்லையும் அதன் உறுப்போடு இணையுங்கள், "யாருக்கு? யாரிடமிருந்து?" என்று கேளுங்கள்

மூன்றாவது அமர்வு. சுவரில் நான்கு பெரிய தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சொல்லை எழுதுங்கள். அடிப்படை உரிமைகள் இருக்கும் மூன்றாம் பகுதியை, அதாவது உறுப்பு 12 முதல் 35 வரை, ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். அவரவர் உறுப்பு எந்தத் தாளுக்குப் போகும் என்று அவர்களே முடிவு செய்து எழுத வேண்டும். 14 முதல் 18 வரை சமத்துவத்துக்கும், 19 முதல் 22 வரையும் 25 முதல் 28 வரையும் சுதந்திரத்துக்கும் எளிதாகப் போய்விடும். சகோதரத்துவத் தாள் வெகுநேரம் காலியாகவே நிற்கும். பிறகு யாராவது 17-ஐ அங்கேயும் எழுதுவார், இன்னொருவர் 15(2)-ஐ. அந்தத் தயக்கமே நல்லது, அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

தாள்கள் நிரம்பியதும் ஒவ்வொரு உறுப்பிடமும் இரண்டு கேள்விகள்.

யாருக்கு? உறுப்பு 14-உம் 21-உம் "எந்த நபருக்கும்" என்கின்றன. வெளிநாட்டவருக்கும் அவை உண்டு. உறுப்பு 19 "குடிமக்களுக்கு" மட்டும். புதியவர்கள் இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு அகதிகள் பற்றிய பேச்சு வரும்போது இரண்டு பக்கத்திலும் தவறாகப் பேசுவார்கள்.

யாரிடமிருந்து? உறுப்பு 12 "அரசு" என்பதற்கு வரையறை தருகிறது: மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசு, சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், பிற அதிகார அமைப்புகள். பெரும்பாலான அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு எதிராகத்தான் எழுதப்பட்டுள்ளன. அடுக்ககச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், இது கருத்துரிமை மீறல் என்று ஒருவர் சொன்னார். நூலின் வரிப்படி அது பொருந்தாது. 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக, 19, 21 ஆகிய உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்றது. ஆனாலும் முதலில் நூலின் வரியைக் கற்றுக்கொண்டு, பிறகு இதற்கு வருவதுதான் சரியான வரிசை.

தனி மனிதர்களையே நேராகக் கட்டுப்படுத்தும் உறுப்புகளும் நூலிலேயே இருக்கின்றன. 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. இதைச் சத்தமாக வாசிக்க வையுங்கள். கிணறு என்ற சொல் வந்ததும் பெரியவர்கள் யாராவது பேச ஆரம்பிப்பார்கள். 17 தீண்டாமை, 23 கொத்தடிமை உள்ளிட்ட கட்டாய உழைப்பு, 24 பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்துவது.

17-இல் கொஞ்சம் நில்லுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலின் முன்பக்கம் எல்லோருக்கும் மனப்பாடம்: "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல்." இதையும் உறுப்பு 17-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உறுப்பில் பாவம் என்ற பேச்சே இல்லை. தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவிலும் தடை, மீறினால் தண்டனை. பாவமென்றால் மனம் திருந்துவது அவரவர் விருப்பம். குற்றமென்றால் புகார் கொடுக்கலாம். மூன்று வரியில் நடுவரிதான் அரசமைப்பின் வரி.

6. "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடுங்கள்

உரிமைகளை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் அரைகுறைப் படிப்பு. 19(1)(அ) கருத்துரிமை தருகிறது. 19(2) எந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று எட்டு காரணங்களைச் சொல்கிறது: இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கேளுங்கள். "மனம் புண்பட்டது" என்ற காரணம் அதில் இருக்கிறதா? "அரசை விமர்சித்தார்" என்பது? இல்லை. கட்டுப்பாடு "நியாயமானதாக" இருக்க வேண்டும் என்ற சொல்லும் அங்கே உண்டு. அது 1951-இன் முதல் திருத்தத்தில் சேர்ந்தது. அந்தச் சொல்லை வைத்துத்தான் நீதிமன்றம் கட்டுப்பாடுகளை அளந்து பார்க்கிறது.

இதே அமர்வில் 15(4). புதியவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். "15(1) பாகுபாடு கூடாது என்கிறது, 15(4) சலுகை கொடுக்கச் சொல்கிறது, இது முரண் இல்லையா?" என்பார்கள். கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1951-இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. அதே ஆண்டு முதல் திருத்தம் 15(4)-ஐக் கொண்டுவந்தது. 1976-இல் தாமஸ் வழக்கில் நீதிமன்றத்தின் பார்வை மாறியது: இது சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தை அடையும் வழிகளில் ஒன்று.

நான்காவது படியில் "வாய்ப்பில் சமத்துவம்" என்பதைச் சரியாகப் பிடித்த குழு இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். பிடிக்காத குழு சொந்த ஊர், சொந்தப் பிள்ளையின் மதிப்பெண் என்று இறங்கிவிடும். அப்படி நடந்தால் குரலை உயர்த்தாமல் நான்காம் படியின் தாளுக்குத் திரும்புங்கள்.

7. நான்காம் பகுதியை உறுப்பு 37-இல் தொடங்குங்கள்

அரசு நெறிமுறைக் கோட்பாடுகள் 36 முதல் 51 வரை. இவற்றில் 37-ஐ முதலில் படிக்காவிட்டால் எல்லாமே வெற்று வாக்குறுதி போலத் தெரியும். 37 இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: இவற்றை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றவைக்க முடியாது, ஆனால் ஆட்சி நடத்துவதற்கு இவை அடிப்படையானவை, சட்டமியற்றும்போது இவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை. எல்லோரும் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு "சும்மா எழுதி வைத்திருக்கிறார்கள்" என்பார்கள்.

பதில் சொல்லாமல் ஒரு பயணத்தைக் காட்டுங்கள். தொடக்கத்தில் உறுப்பு 45, பத்து ஆண்டுகளுக்குள் பதினான்கு வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. பத்து ஆண்டில் நடக்கவில்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரையான கல்வியை 21 அ என்ற அடிப்படை உரிமையாக்கியது. சட்டம் 2009-இல், நடைமுறை 2010 ஏப்ரல் 1 முதல். எழுதியதிலிருந்து அறுபது ஆண்டுகள், தாமதம்தான். ஆனால் அந்த வரி அங்கே இல்லாமல் இருந்திருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்? உறுப்பு 40 கிராம ஊராட்சி என்றது, 1992-இன் 73-ஆவது திருத்தம் அதற்கு உருவம் கொடுத்தது. 39 அ இலவச சட்ட உதவி என்றது, 1987-இல் அதற்குச் சட்டம் வந்தது.

51 அ-வில் அடிப்படைக் கடமைகள். 1976-இல் பத்து, 2002-இல் பதினொன்றாவது. வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லிவிடலாம். (உ) கடமையை மட்டும் சகோதரத்துவத் தாளில் எழுதிவையுங்கள், எல்லா மக்களிடையேயும் நல்லிணக்கமும் உடன்பிறப்புணர்வும் வளர்ப்பது என்று அங்கேதான் வருகிறது. எழுத்துவரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஐந்தாவது கடமை என்று எண்ணிப் பாருங்கள்.

8. எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதை இங்கே, இப்போதுதான்

வழக்கறிஞரை அழைக்க வேண்டிய அமர்வு இது. உறுப்பு 368 திருத்தும் வழியைச் சொல்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர், நாடாளுமன்றம் எதையும் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்றார்கள். முகப்புரை அரசமைப்பின் பகுதி அல்ல என்று 1960-இல் பெருபாரி வழக்கில் சொல்லப்பட்ட கருத்தும் இதில் மாறியது.

வரும் தவறு: "அந்த அடிப்படைக் கட்டமைப்பு எத்தனையாவது உறுப்பு?" என்று பக்கங்களைப் புரட்டுவார்கள். எந்த உறுப்பிலும் இல்லை. நூலில் அந்தச் சொற்றொடரே கிடையாது. வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் இதில் அடங்குபவற்றைச் சொல்லி வந்திருக்கிறது.

முதலிலேயே இந்தப் படியைத் தொட்டவர்கள் நீதிபதிகளின் பெயர்களையும் தீர்ப்புகளின் பெயர்களையும் அள்ளி வீசுவார்கள். உறுப்பு 14-ஐத் திறக்கச் சொன்னால் தடுமாறுவார்கள். அதனால்தான் இது எட்டாவது.

9. நாளிதழில் சோதித்துப் பாருங்கள்

ஆறாவது அமர்வு. ஒவ்வொருவரும் அந்த வாரத்து உள்ளூர்ச் செய்தி ஒன்றை வெட்டிக்கொண்டு வர வேண்டும். தேர்தல் செய்தியும் தலைவர்களின் பேச்சும் வேண்டாம், அவை கட்சிச் சண்டையில் போய் முடியும். குடிநீர், பள்ளிக்கூடம், கோயில் நுழைவு, கூலி, கைது, குப்பைக் கிடங்கு போன்றவை நல்ல தேர்வுகள்.

நான்கு கேள்விகள்: முகப்புரையின் எந்தச் சொல் இதில் இருக்கிறது? எந்த உறுப்பு? யாருடைய பொறுப்பு? எங்கே போய்க் கேட்கலாம்?

நான்காவதில்தான் பெரும்பாலானவர்கள் நிற்பார்கள். "கோர்ட்டுக்குப் போகலாம்" என்று பொதுவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அடிப்படை உரிமை பறிபோனால் உறுப்பு 32-இன் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் உரிமையே ஓர் அடிப்படை உரிமை. உறுப்பு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம், அங்கே அடிப்படை உரிமை அல்லாத மற்றச் சட்ட உரிமைகளுக்கும் வழி உண்டு. ஆனால் தெருவிளக்குக்கு இவை எதுவும் தேவையில்லை. கிராமத்தில் இருப்பவருக்குக் கிராம சபை இருக்கிறது, அதன் வேர் உறுப்பு 243 அ. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

ஒரு குழுவில் ஒருவர் கொண்டுவந்த செய்தி, மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்வுப்பாதை இல்லாத ஓர் அலுவலகத்தைப் பற்றியது. முதலில் சமத்துவம் என்று எழுதினார். பிறகு அடித்துவிட்டுச் சகோதரத்துவம் என்று எழுதி, பக்கத்தில் "கண்ணியம்" என்று சேர்த்தார். எது சரி என்று என்னைக் கேட்டார். இரண்டும் இருக்கட்டும், உறுப்பையும் பொறுப்பாளரையும் எழுதுங்கள் என்றேன். 14 என்று எழுதி, கீழே அந்தத் துறையின் பெயரையும் எழுதினார்.

யாராவது நான்கு கேள்விகளில் மூன்றைத் தாண்ட முடியாமல் நின்றால், தீர்ப்புகளைப் படிக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாம் படியின் சுவர்த்தாள்களை எடுத்து வந்து, "யாருக்கு? யாரிடமிருந்து?" என்ற இரண்டு கேள்விகளை மறுபடி அவரோடு உட்கார்ந்து போடுங்கள். தாள்களைக் கிழித்துப் போடாமல் சுருட்டி வைத்திருந்தால்தான் இது முடியும். அடுத்த குழுவுக்கு மட்டும் புதிதாக ஒட்டுங்கள், பழைய தாளைக் காட்டினால் அவர்கள் யோசிக்காமல் பார்த்து எழுதிவிடுவார்கள்.